பானைக்குள் போன ரிப்போர்ட்டும் மூணுமாசம் சாரும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அற்புதத்தால் குணமானவர்கள் யாரும் நிம்மதியாகக் குணமானதே இல்லை. அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். குட்டையான உருவம், அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இருமிக்கொண்டே ஓடுகிற ஒரு பழைய மொபெட். திருநீறு போட்டு முதுகுவலி போனது, எண்ணெய் தடவி ஜெபித்துக் கண் தெளிந்தது, கயிறு மந்திரித்துக் கட்டிக் காய்ச்சல் விட்டது என்று காதில் விழுந்தால் போதும், அந்த மொபெட் குணமானவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். "நல்லாயிட்டீங்களாமே, ரொம்ப சந்தோசம். மூணு மாசம் கழிச்சு வந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்பார். கேட்டதோடு விட்டால் தேவலை. சரியாக மூன்று மாதம் கழித்து வந்தும் நிற்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆதார் அட்டையில் போட்டிருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் மூணுமாசம் சார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவர் டெக்னீஷியன். சீட்டு எழுதுவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது, வருகிறவர்களோடு சண்டை போடுவது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர். சிரித்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சிரிக்க முடியாத இடம் ஒன்று வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பட்டப்பெயர் வந்த கதை இது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு பரிசோதனை உண்டு. போன மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு ஓடியது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். டாக்டரைப் பார்க்கப் போகிற இரண்டு நாளைக்கு மட்டும் கம்பங்கூழ் குடித்து நல்லபிள்ளையாக வருகிறவர்கள் இதில் வசமாக மாட்டுவார்கள். "நேத்து முச்சூடும் பட்டினிங்க சார், எப்படி இவ்வளவு காட்டுது?" என்று சண்டைக்கு வருவார்கள். மூணுமாசம் சார் கோபப்படவே மாட்டார். "நேத்து பட்டினி, சரி. அதுக்கு முந்தி எண்பத்தொம்பது நாளு?" என்பார். வந்தவர் படியிறங்கும்போது எங்களை மனதாரத் திட்டிக்கொண்டுதான் போவார்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பக்கத்துக்கு மூன்று பத்தி. முன்னால், பின்னால், மூணு மாசம் கழித்து. மாவட்டத்தின் அற்புதங்கள் அத்தனையும் அதில் இருந்தன. முதல் பத்தி நிரம்பி வழியும். இரண்டாவது அதைவிட. மூன்றாவது பத்தியில் பெரும்பாலும் "ஆள் பேச மறுப்பு", "நாய் அவிழ்த்து விடப்பட்டது" என்பது மாதிரிக் குறிப்புகள்தான்.

குன்னத்தில் ஒரு அம்மா. வெங்காயக் காட்டில் குனிந்து குனிந்து முழங்கால் போனவர். ஒரு கூட்டத்தில் ஜெபித்ததும் மேடையிலேயே குதித்துக் காட்டினார். மூன்று மாதம் கழித்து இவர் போய் நின்றபோது அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

"வலி போச்சுன்னீங்களே?"

"போச்சுய்யா. அப்புறம் வந்துச்சு. அப்புறம் போச்சு. இப்ப வந்துருக்கு."

"கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தி?"

"அப்பயும் அப்படித்தான். வரும், போவும்."

லேபுக்கு வந்து எனக்கு விளக்கினார். "வலி உச்சத்துல இருக்கிறப்பதாம்மா மனுசன் சாமியாரைத் தேடிப் போறான். உச்சத்துக்குப் போனது எறங்காம எங்க போவும்? அது எறங்குற நேரத்துக்கு எவன் பக்கத்துல நிக்கிறானோ அவனுக்குப் பேரு."

இவரை நாத்திகர் என்று நினைத்துவிடாதீர்கள். வரதராஜன்பேட்டைக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறினதில்லை. அங்கேயும் சும்மா இருந்தாரா? ஒரு திருவிழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, கிட்னியில் இருந்த கல் கரைந்துவிட்டது என்று சாட்சி சொன்னார். இறங்கி வந்தவரை இவர் மடக்கி, "கரைஞ்சுதா, விழுந்துதா? ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று விசாரிக்க, பங்குச் சாமியார் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஏம்ப்பா, கோயிலுக்குள்ளயாவது சும்மா இருக்கக் கூடாதா?"

"சாமி, நான் ஆண்டவர சந்தேகப்படல. இவரு ஸ்கேன் எடுக்கலங்கிறதத்தான் சந்தேகப்படுறேன்."

அடுத்த வருடம் அந்த மைக் பக்கம் ஒருவரும் போகவில்லையாம்.

ஆனால் மனிதர் நேர்மையானவர். திருமானூர்ப் பக்கம் ஒரு கரும்பு விவசாயிக்கு எட்டு மாதம் பேச்சு நின்று போயிருந்தது. ஒருநாள் கோயில் குளத்தில் முங்கி எழுந்தவர், "துண்டு எங்க?" என்றாராம். மூன்று மாதம் கழித்து இவர் போனபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தவே மாட்டேனென்கிறார் என்று வீட்டுக்கார அம்மா இவரிடம் முறையிட்டார். மூணுமாசம் சார் மூன்றாவது பத்தியில் "நன்றாகப் பேசுகிறார். காரணம் தெரியல" என்று எழுதினார். "என்ன சார், தோத்துட்டீங்களா?" என்று நான் சீண்டினேன். "தெரியலன்னு எழுதுனா கையி தேஞ்சிடுமா? தெரியலன்னா தெரியலதான்" என்றார்.

இன்னொரு பைத்தியமும் உண்டு அவருக்கு. எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் நான் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று நோயாளிக்கு, ஒன்று அவருடைய பீரோவுக்கு. பீரோவைத் திறந்தால் காகிதம் மேலே சரியும். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றால், கம்ப்யூட்டர் மழைக்குப் படுத்த கதையைச் சொல்லுவார்.

"தொலைச்சவங்க மறுபடியும் டெஸ்ட் எடுத்துக்கிறாங்க சார். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"இன்னிக்கி ரத்தத்த இன்னிக்கித்தாம்மா எடுக்க முடியும். நாளைக்கி எடுத்தா அது நாளைக்கி ரத்தம்."

அட, இந்த மனுசனோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று பிரின்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு இரண்டாவது பிரதியை எடுப்பேன்.

இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பார்த்து என்ன பிரயோசனம்? வியாதி அடுத்தவர் வீட்டில் இருந்தவரைக்கும்தான் எனக்கு அறிவு வேலை செய்தது.

என் வீட்டுக்காரர் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டினார். பல வருடச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. லாரி சூட்டில் மருந்து கெடாமல் இருக்க ஈரத்துணி சுற்றி எடுத்துப் போவார். "இந்த ஊசி குத்திக்கத்தான் பொறந்தேனாடி நானு?" என்று கத்துவார். போதாக்குறைக்கு இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்து ஒரு புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மூணுமாசம் சார்தான் புண்ணில் பஞ்சு வைத்து எடுத்து, என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று சோதித்து ரிப்போர்ட் கொடுத்தார். மருந்து தின்றால் கொஞ்சம் வாடும், லாரி ஏறினால் மறுபடி ஈரம் கட்டும். தினமும் காலையில் அந்தக் கட்டைப் பிரிக்கும்போது விரல் கறுத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தெருவில் கட்டையூன்றிப் போகிற யாரைப் பார்த்தாலும் இவர் முகமாகவே தெரிந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு மல்லிகா அக்கா சொன்னார். "தண்ணியய்யாகிட்ட ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாயேன். எங்க நாத்தனாருக்கு ஒரே நாள்ல சுகரு பாதியா எறங்கிப் போச்சு. மிசின்லயே காட்டுறாங்க."

மிசினில் காட்டுகிறார்களா? அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில், பழைய பருத்தி குடோன் ஒன்று. சுவரில் எல்லா மதத்துப் படமும் இருந்தது. தண்ணியய்யா வெள்ளை வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு போட்ட சாந்தமான மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் போனதும் தொன்னையில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் ஒரு பெண் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிக்கொள்வாள். பிறகு மத்தியானம் வரை பாட்டு, ஜெபம், அய்யா தொட்டுக் கொடுக்கிற தண்ணீர் மட்டும். முடிந்ததும் மறுபடி விரலில் குத்துவார்கள். முதல் வெள்ளியன்று என் வீட்டுக்காரருக்குக் காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு. மத்தியானம் நூற்று அறுபத்தெட்டு. குடோனே கை தட்டியது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது தெரியுமா?

மேடை ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய பெரிய மண்பானை இருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். "பழைய சீட்ட வூட்ல வச்சிருந்தா வியாதி அத மோந்துக்கிட்டே திரும்பி வந்துரும்மா" என்றாள் விரலில் குத்துகிற பெண். வருடக்கணக்கில் நானே டைப் அடித்த ரிப்போர்ட்டுகளை ஃபைலோடு அந்தப் பானையில் போட்டேன். இவர் தன் பங்குக்கு ஊசிப் பெட்டியையும் போட்டார். ஊசியை நிறுத்தச் சொல்லி அய்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னமும் ஊசியா?" என்று சிரித்தார், அவ்வளவுதான்.

மூணுமாசம் சாருக்குத் தெரியக்கூடாதே! வெள்ளிக்கிழமை லீவுக்காக நான் சொந்தக்காரர்களைக் கொல்ல ஆரம்பித்தேன். முதல் வெள்ளி பெரியப்பா. இரண்டாவது வெள்ளி ஒன்றுவிட்ட சித்தி. மூன்றாவது வெள்ளி அத்தை மாமனார். திங்கட்கிழமை அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, ஒங்க சொந்தத்துல எல்லாரும் வெள்ளிக்கெழமையாப் பாத்து சாவுறாங்களே. வேற கெழமையில ஒருத்தரும் செத்ததில்லயா?"

"சாவு என்ன சொல்லிட்டா சார் வருது?" என்று எரிந்து விழுந்தேன். கண் முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு வெள்ளியும் சர்க்கரை இறங்கியது. முந்நூற்று நாற்பது இருநூற்று முப்பதாயிற்று. முந்நூற்றுத் தொண்ணூறு இருநூற்று அறுபதாயிற்று. இறங்கியதைப் பார்த்துக் கை தட்டினோம். எங்கிருந்து இறங்குகிறது, எதில் வந்து நிற்கிறது என்று பார்க்கவில்லை. இவருக்குத் தாகம் அதிகமாயிற்று. அய்யா தண்ணீர் உள்ளே வேலை செய்கிறது என்றார்கள். இளைத்தார். கெட்டது கரைகிறது என்றார்கள். புண்ணைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பார்க்காமல் இருந்தால் பயமில்லை அல்லவா?

ஆறாவது வெள்ளி இவரை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். "எட்டு வருசமா ஊசி போட்டேன், இப்ப ஆறு வாரமா இல்ல" என்று சாட்சி சொன்னார். அந்த வீடியோ செல்போன் செல்போனாகத் தாவி, மறுநாளே லேபுக்கு வந்துவிட்டது. மூணுமாசம் சார் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"மூணு மாச டெஸ்ட் எடுத்துப் பாத்தியாம்மா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்! "ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார். ஒரு மனுசன் சிரிச்சா பொறுக்காது. அவரு சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நீங்க நோட்டு எழுத என் புருசன்தான் கெடச்சாரா? எங்க வூட்டு வாசலுக்கு வண்டிய எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா நடக்கிறதே வேற!"

ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சட்டைக் கையை மடித்தபடியே வேடிக்கை பார்த்தார்கள். அவர் உள்ளே போய் யாருக்கோ ரத்தம் எடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் முதுகைத்தான் பார்த்தேன். தப்பாகப் பேசிவிட்டோமே என்று ஒரு பக்கம் அரித்தது. அவர் கேட்டது சரிதானோ என்று அதைவிட அதிகமாக அரித்தது.

ஏழாவது வெள்ளிக்குக் கொல்ல எனக்குச் சொந்தத்தில் ஆள் மிச்சமில்லை. இவரை மல்லிகா அக்காவோடு அனுப்பிவிட்டு லேபுக்கு வந்தேன். பார்த்தால், லீவே போடாத மூணுமாசம் சார் வரவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு மேல் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம். வேர்த்து ஊற்றியபடி ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்தார். காலையில் நூற்று ஐம்பத்திரண்டு, மத்தியானம் எண்பத்தாறு.

"தண்ணியய்யாகிட்ட போயிருந்தேன். நானும் கொணமாயிட்டேம்மா."

"ஒங்களுக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. எனக்கு சுகரே கெடையாது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பொங்கலத் தின்னவுடனே ஒரு டெஸ்ட்டு. பொங்கல் செரிச்ச பின்னாடி ஒரு டெஸ்ட்டு. அங்கருந்த கல்தூணுக்கு வாயிருந்தா அதுக்கும் எறங்கிருக்கும்."

இத்தனை வருடம் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று தலைப்புப் போட்டு டைப் அடித்த விரல் என்னுடையது.

"ஒங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்கி நானூத்தி எண்பது. மத்தியானம் நானூறு. எறங்கிருச்சுன்னு கை தட்டுனாங்க. அவரு தட்டல. ஒக்காந்தபடியே தூங்குறாரு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு கையப் புடிச்சேன், தள்ளி வுட்டுட்டாரு. நான் சொன்னா கேக்கல. கூட வந்த அம்மா பஸ்ல வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நீ சொல்லணும். கெளம்பு, வா."

அந்த மொபெட்டின் பின்னால் நான் ஏறியது அன்றைக்கு ஒருநாள்தான். வழியெல்லாம் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார், ஹாரனைத் தவிர வேறொன்றும் அந்த வண்டியில் வேகமாக வேலை செய்யவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் இவர் தரையில் சுருண்டு கிடந்தார். மூச்சு வேகவேகமாக வாங்கியது. மல்லிகா அக்கா பக்கத்தில் விசிறிக்கொண்டு, "பஸ்லயே வாந்தி எடுத்தாருடி" என்று அழுதார். மூணுமாசம் சார் மண்டியிட்டு விரலில் குத்தினார். மிசினில் எண்ணே வரவில்லை. ஆங்கிலத்தில் ஹை என்று இரண்டு எழுத்துதான் வந்தது. அளக்க முடியாத அளவு ஏறிவிட்டால் அப்படித்தான் காட்டும். எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அதை நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரி வேணாம்" என்று இவர் குழறினார். "எட்டாவது வெள்ளியோட முழுசா சரியாயிடும்னு அய்யா சொல்லிருக்காரு."

"எட்டாவது வெள்ளிக்கு நீ இருக்கணும்லய்யா!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மூணுமாசம் சார் அதற்குள் நூற்றியெட்டுக்கு போன் போட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கால் கட்டைப் பிரித்தார்கள். அந்த நாற்றத்தை எழுத மாட்டேன். இளவயது டாக்டர் ஒருவர் ஓடிவந்து, "கிருமி ரத்தத்துல ஏறியிருக்கு போல. இதுக்கு முன்னாடி இந்தப் புண்ணுல டெஸ்ட் ஏதாவது எடுத்தீங்களா? எந்த மருந்து கேக்கும்னு இப்ப புதுசா பாத்தா ரெண்டு மூணு நாள் ஆயிடும். பழைய ரிப்போர்ட் எங்கம்மா?" என்றார்.

"பானையில இருக்கு சார்."

"எதுல?"

"பானையில. நான்தான் போட்டேன்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் தலைக்கு மேலாக ஒரு ரெக்சின் பையிலிருந்து தடித்த ஃபைல் ஒன்று நீண்டது. எட்டு வருடத்து ரிப்போர்ட்டும் தேதிவாரியாக இருந்தது. மேலேயே அந்தப் புண் ரிப்போர்ட். நான் பிரின்டரைத் தட்டித் தட்டி, திட்டிக்கொண்டே எடுத்த இரண்டாவது பிரதி. வீடியோ பார்த்த அன்றைக்கே பீரோவிலிருந்து தேடி எடுத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறார். நான் அத்தனை பேச்சுப் பேசிய பிறகு அதைத்தான் செய்திருக்கிறார்.

மூன்று நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். கூப்பிடாவிட்டால் அதைவிடப் பயம். மூணுமாசம் சார் லேபு முடிந்து நேராக வந்து எதிர்ப் பெஞ்சில் உட்காருவார். இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தேன், அவர் கை பேன்ட் பைக்குள் ஏதோ உருட்டிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால் ஜெபமாலை.

"சார், என்ன பண்றீங்க?"

திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். "கும்புடுறேம்மா. வேற என்னா பண்றது? உள்ள போறதுக்கு என்னைய வுட மாட்டேங்கிறாங்க."

மூன்றாம் நாள் காலை இவர் கண் விழித்து, "லாரிச் சாவி எங்க?" என்றார். சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். கால் தப்பித்தது. ஆளும் தப்பித்தார். நான் ஓடிப்போய் மூணுமாசம் சார் காலில் விழப் பார்த்தேன். அவர் பெஞ்சின் மறுகோடிக்குத் தாவிவிட்டார்.

"நீங்க கும்புட்டது வீண்போவல சார்."

"ஏம்மா, ஒன்னைய கையெடுத்துக் கேட்டுக்கிறேன். நான் கும்புட்டதனால பொழைச்சாருன்னு எவன்கிட்டயும் சொல்லிடாத. உள்ள இன்சுலினு, மருந்து, ஆப்பரேசன் எல்லாம் நடந்துருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டு எது கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப எதுக்கு சார் கும்புட்டீங்க?"

"பயமா இருந்துச்சும்மா" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் லேபில் முகத்தை மூடித் துண்டு போட்டுக்கொண்டு ஒருவர் வந்து மூணு மாதச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தார். யாரென்று சொல்ல மாட்டேன். துண்டு மஞ்சள் நிறம். ரிப்போர்ட்டைப் பார்த்தால், சர்க்கரைப் பொங்கலை அவரும் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன். "சார், இது ஒண்ணு போதும். ஊரு முழுக்க அனுப்பிச்சு நாறடிச்சிடுறேன் பாருங்க!"

காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "அவரு ரிப்போர்ட்டு அவரோடது. நம்மள நம்பிக் கைய நீட்டிருக்காரு." அந்த மனிதரைத் தனியாக உட்கார வைத்து, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்று அரைமணி நேரம் சொன்னார். கடைசியில் துண்டுக்குள்ளிருந்து கண் கலங்கியது தெரிந்தது. "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பினார். என் வயிற்றெரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

போன வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு வரதராஜன்பேட்டைக்கே போய்விட்டார். முந்திரிக் காடு கொஞ்சம் இருக்கிறது. பீரோவை என்னிடம் ஒப்படைத்தார். இப்போதும் இரண்டு பிரதிதான் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஈரத்துணி சுற்றிய ஊசியோடு லாரி ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பரிசோதனை எடுத்து, அதைப் படம் பிடித்து மூணுமாசம் சாருக்கு அனுப்புவேன். பத்தே நிமிடத்தில் பதில் வரும். எப்போதும் ஒரே பதில். "சரி. மூணு மாசம் கழிச்சு?"

போன மாதம் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒருநாள் பார்த்தேன். போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அவருக்கும் வயதாயிற்று. தனியாகக் காட்டுக்குப் போகிற ஆள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கி விடிஞ்சதும் பஸ் ஏறிடுவோம்" என்று இவரும் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் செல்போன் கூவியது. "செல்லு கிணத்துல விழுந்துட்டுது. இப்பதான் புதுசு. ரிப்போர்ட் சரி. மூணு மாசம் கழிச்சு?"

"கண்டிப்பா சார்" என்று அடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அந்த இரண்டு நாளும் நான் கும்பிடாத தெய்வமில்லை. அதனால்தான் பதில் வந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்ல மாட்டேன், சாருக்குப் பிடிக்காது.